சிஞ்ஞோரா வீட்டு விசுக்கோத்து

தேத்தண்ணியில் விசுக்கோத்தைத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார் அவள் புருசன்.

கண்ணை மூடினாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் வைத்த மீன்குழம்புக்கு ஒருநாளாவது கண்ணை மூடியிருப்பாரா இந்த மனுசன்? டிவியைப் பார்த்தபடி விழுங்குவார். அவ்வளவுதான்.

இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்த நாள் முதலாய் அவருக்கு சிஞ்ஞோரா அசுந்தா வீட்டில்தான் வேலை. சிஞ்ஞோரா என்றால் அங்கே அம்மா என்கிற மாதிரி. கிழவி தனியாள். வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்து ஒரு கடதாசிப் பை வரும். உள்ளே வாதுமை போட்டு, சரிவாக வெட்டிய விசுக்கோத்து. கல்லு மாதிரி இருக்கும்.

பையோடு கதையும் வரும். அந்தக் காலத்தில் இப்படி விசுக்கோத்தைத்தான் கப்பல்காரர் கட்டிக்கொண்டு போனார்களாம். மாதக்கணக்கில் கெடாதாம். சிஞ்ஞோரா பிறந்த தொஸ்கானாப் பக்கத்தில் சாப்பாடு முடிந்ததும் இனிப்பு வைனில் தோய்த்துத்தான் தின்பார்களாம்.

சிஞ்ஞோரா என்று அவர் வாயெடுத்தாலே அவள் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிக் கதை அடிபட்டுப் போகும். போகட்டுமே.

எழுபது தாண்டிய கிழவி மேல் பொறாமையா என்று தன்னைத்தானே கேட்டும் பார்த்தாள்.

ஓம். பொறாமைதான்.

ஒரு ஞாயிறு அவளும் செய்தாள். மா, முட்டை, சீனி, வாதுமை எல்லாம் போட்டுக் குழைத்து, நீளமாய் உருட்டி, சுட்டு, அதே சரிவில் வெட்டித் தட்டில் அடுக்கி வைத்தாள்.

"நல்லாத்தான் கிடக்கு," என்றார். "கேக் மாதிரி."

கண் திறந்தே இருந்தது.

அடுத்த வெள்ளி அவர் போனை மறந்து வைத்துவிட்டுப் போனார். நல்ல சாட்டு. அவள் தலையை வாரி இழுத்து, தோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். அப்படி என்னதான் கைப்பக்குவம் அந்தக் கிழவிக்கு, பார்த்துவிட வேண்டும்.

சிஞ்ஞோரா வீட்டுக் கதவு சும்மா சாத்திக் கிடந்தது. குசினி வாசலில் நின்றாள்.

சிஞ்ஞோரா கதிரையில் இருந்தாள். மடியில் கிடந்த இரண்டு கையும் வாதத்தில் முறுகிப் போயிருந்தன. ஒரு கரண்டியைக் கூடப் பிடிக்க மாட்டாத விரல்கள்.

மேசையடியில் அவர். இடுப்பில் ஏப்ரன். முழங்கை வரை மா.

சுட்ட கட்டியைச் சூட்டோடு சரித்துச் சரித்து வெட்டினார். துண்டுகளைத் தட்டில் பரப்பினார். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, பின்னால் வரிசையாயிருந்த போத்தல்களில் சரியாகச் சீனிப் போத்தலை எடுத்து மேலே தூவினார். தட்டை மறுபடியும் ஒவனுக்குள் தள்ளினார்.

ஓ. இரண்டு தரம் சுட வேண்டுமா. குழாய்ச் சத்தத்தில் போன பாதிக் கதை அதுதான்.

முன்னமே சுட்டு ஆறிப்போயிருந்த ஒன்றை எடுத்து வைனில் தோய்த்து, கிழவியின் வாயில் வைத்தார்.

கிழவி கண்ணை மூடினாள்.

அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தன் வீட்டில் ஒரு முட்டை அவித்ததில்லை. ஒரு கோப்பை கழுவியதில்லை.

வாசலில் அவளைக் கண்டதும் சிஞ்ஞோராவுக்குச் சந்தோசம். இப்படியொரு கைக்காரனைக் கட்டினாயே, உன் வீட்டில் தினமும் விருந்தாக்கும் என்று தன் பாஷையில் சொல்லிச் சிரித்தாள். இவள் அவருடைய போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பின்னேரம் அவர் பையோடு வந்து மேசையில் இருந்தார். தேத்தண்ணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எதிரே வந்து இருந்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து குசினிக்குள் போனார்.

தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு டின்னாய்த் திறந்து மூடும் சத்தம்.

"இஞ்சேர், சீனி எங்க கிடக்கு?"

அவர் கண்ணுக்கு நேரேதான், நீல டின்னில். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான்.

அவள் பையிலிருந்து ஒரு விசுக்கோத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.