மருமகனுக்கு ஒரு வாக்கு

“கிறிஸ்ரியனுக்கு மட்டும் போட்டிடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டா பகுதியில், அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் அருளானந்தன் தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்ற அவர் மனைவி யோசெப்பினுக்கு வயிறு எரிந்தது. கிறிஸ்ரியன் வேறு யாருமல்ல, அவருடைய கூடப்பிறந்த தங்கை கரோலினாவின் ஒரே மகன்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் உதைபந்தாட்டத்தில் ஆண்டின் சிறந்த வீரர் யார் என்று ஒஸ்லோத் தமிழர்கள் இணையத்தில் வாக்களித்துத் தெரிவுசெய்வார்கள். விருதும் இங்கிருந்துதான் போகும். 2007இல் கடைசிவரை நின்றவர்கள் இரண்டே பேர்: கோல் காப்பாளன் கிறிஸ்ரியன், எதிர்க் கல்லூரியின் முன்கள வீரன் டிலக்சன். காலையில் ஒருவன் முந்துவான், மாலையில் மற்றவன்.

யோசெப்பின் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து சப்பாத்துக் கழற்றுமுன் ஒருமுறை கணினியைத் திறந்து பார்ப்பாள். பந்து உருண்டையா சதுரமா என்றுகூடக் கவலைப்படாமல் இருந்தவள், இப்போது பெனால்டி பற்றி விரிவுரையே நடத்துகிறாள்.

“கரோலினாவிலை உள்ள கோவத்தைப் பெடியனிலை தீர்க்கிறியளோ?” என்று கேட்டாள்.

அருளானந்தன் தொலைபேசியை வைத்தார். “டிலக்சன் நல்லா விளையாடுறான். அவ்வளவுதான்.”

“கிறிஸ்ரியன் எத்தினை பெனால்டி பிடிச்சவன் தெரியுமோ?”

“உனக்கு உது விளங்காது, யோசெப்பின். விடு.”

விளங்காமல் என்ன? தாய்வீட்டுக் காணிக்காக அண்ணனும் தங்கையும் முகம் முறித்து ஆண்டுக்கணக்காகிறது. பெரியவர்களின் வேலிச் சண்டைக்குப் பிள்ளை என்ன பாவம் செய்தான்? இந்த மனிதரோடு வாழ்வதை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இவரோடு கதைத்துப் பயனில்லை என்று அவளே களத்தில் இறங்கினாள். அது அவளுக்குக் கைவந்த கலை. யோசெப்பினின் காதில் ஒரு சங்கதி விழுந்தால், ஞாயிறு தமிழ்ப் பூசை முடியுமுன் ரயில் பாதையின் கடைசியிலுள்ள எல்லிங்ஸ்ருட் வரை போய்ச் சேர்ந்துவிடும். அருளானந்தனே எதையும் அவளிடம் பார்த்துத்தான் சொல்வார்.

பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில், ரொம்மனிலிருந்து வந்த தோழி மரியகொறற்றியைப் பிடித்தாள்.

“போடுறன் அக்கா. ஆனால் வெண்டு என்ன பலன்? போன வருசம் வெண்ட பெடியன் இப்ப எங்கை விளையாடுறான்?”

“ஆருக்குத் தெரியும்? கொழும்புக்குப் போயிருப்பான். பேர் எடுத்த பெடியள் ஊரிலை நிப்பாங்களோ?”

மரியகொறற்றி போட்டாள். அவளுடைய கணவர் போட்டார், கணவரின் கூட்டாளிகள் போட்டார்கள். சுரங்க ரயிலில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத தமிழரைக்கூட யோசெப்பின் விட்டுவைக்கவில்லை.

மறுபக்கம் அருளானந்தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டிலக்சனுக்கு ஆள் பிடித்தார். சாப்பாட்டு மேசையில் கதை பேச்சு நின்றுபோயிற்று. மனிதர் மெலிந்தும் போனார். தங்கை மகன் தோற்க வேண்டுமென்று ஒருவர் இப்படியும் உருகுவாரா என்று அவளுக்கு வெறுத்தே போய்விட்டது.

கிறிஸ்ரியன் இரண்டு வாக்கால் வென்றான்.

முடிவு வந்த மறுநாள், சப்பாத்தில் பனியோடு அருளானந்தன் உள்ளே நுழைந்தபோது யோசெப்பின் கணினிக்கு முன்னால் நின்று கைதட்டினாள். “உங்கடை மருமோன் வெண்டிட்டான்! நீங்கள் தலைகீழா நிண்டும் ஒண்டும் நடக்கேல்லை!”

அவர் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. “படம் போட்டிட்டாங்களோ?”

“போடாமல்? அங்கை பேப்பரிலை முதற்பக்கத்திலை வந்திருக்கு. கல்லூரி, ஊர், ஒழுங்கை எல்லாம் போட்டு, ‘நோர்வேத் தமிழரின் விருது’ எண்டு பெரிசா.”

அருளானந்தன் தொலைபேசியை எடுத்துக் கரோலினாவின் இலக்கத்தை அழுத்தினார். காணிச் சண்டைக்குப் பிறகு அவர் அந்த இலக்கத்தைத் தொட்டதாக யோசெப்பினுக்குத் தெரியாது. அவரோ எதையும் பார்க்காமல், மனப்பாடமாக அழுத்தினார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

“போன முறை படம் வந்த பெடியனை வெள்ளை வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு போனவங்கள், இண்டைவரைக்கும் ஆளில்லை,” என்றார். “வெளிநாட்டுக்காரர் உனக்கு ஏன் பரிசு தாறாங்கள் எண்டு கேட்டுத்தான் ஏத்தினவங்களாம். வாய் திறந்தால் சவம்தான் வருமெண்டு தாயை வெருட்டி வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப டிலக்சன்...?”

“அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான். தெரிஞ்சுகொண்டுதான் அவனுக்கு வாக்குக் கேட்டனான்.”

யோசெப்பின் கணினியிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். “நான் நினைச்சன்... நீங்கள் கரோலினாவிலை உள்ள கோவத்திலை...”

“தன்ரை பெடியன் தோக்கோணுமெண்டு அவள்தான் என்னட்டை அழுதவள்.”