ரொட்டிக்கடைப் பெண் வாங்காத பூ

மூன்றாவது முறையும் அவள் பூவை வாங்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்தினார். டிவியில் ரொட்டிக்கடைப் பெண் அதே சிரிப்போடு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது.

நாம் தோழிகளாகவே இருந்துவிடுவோம்.

நாலு நாளாக இதே கதை. விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, பூக்க வைத்து, கொண்டுபோய் நீட்டினால் இந்தப் பதில்.

வீடியோ கேம் மகளுடையது. வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள். ஓய்வு பெற்றவருக்கு மத்தியானம் நீளம். ஆடித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தார். ஆணா பெண்ணா என்று அது கேட்டது. பெண் என்றார். பெயர் கேட்டது. இளவேனில் என்று மகளின் பெயரையே கொடுத்தார்.

அதுதான் வம்பாகிவிட்டது.

புதிதாக ஆரம்பித்து ஆணாக ஆடிப் பார்த்தார். அதே தோட்டம், அதே பூ. முதல் தடவையே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

பிளஸ் டூ லீவில் இளவேனில் இதை எப்போதும் ஆணாகத்தான் ஆடுவாள். மீசை வேறு வைத்திருப்பாள். பொண்ணா ஆடினா குறைஞ்சா போயிடுவே என்று அவர் கேலி செய்திருக்கிறார். அவள் மீசையை எடுத்ததில்லை.

பெங்களூரில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து வந்து சொன்னாள். கூடத்தில் நின்றபடியே சொன்னாள். ஷெரினோடுதான் வாழப்போகிறேன் அப்பா.

தோழிகளாகவே இருந்துவிட்டுப் போங்களேன் என்றார் இவர். கத்தவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதோடு பதினான்கு மாதம். ஃபோன் வந்தால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

அவர் எழுந்துபோய்க் கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்து வந்தார்.

தெருவிளக்கு எரியாவிட்டால் மனு. பஸ் நிற்காமல் போனால் மனு. பாதிக்குப் பதில் வராது. ஆனாலும் எழுதுவார். அவருக்குத் தெரிந்த சண்டை அது ஒன்றுதான்.

பெறுநர் என்று போட்டு, விளையாட்டைத் தயாரித்த கம்பெனியின் பெயரை எழுதினார்.

பொருள்: ரொட்டிக்கடைப் பெண் பூவை வாங்க மறுத்தல் தொடர்பாக.

ஐயா,

பூ ஒன்றே. தோட்டமும் ஒன்றே. நீட்டும் கை பெண்ணுடையது என்றால் வாங்கக் கூடாது என்பது யார் வைத்த சட்டம்? அவளாக வேண்டாம் என்றால் சரி. நீங்கள் அல்லவா சொல்ல வைக்கிறீர்கள்? பிடித்தவளுக்கு ஒரு பூக் கொடுக்க, ஒரு பிள்ளை மீசை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதே தவற்றை நானும் செய்தவன். தாங்களாவது தாமதிக்காமல் திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மனைவி காப்பியோடு வந்தாள்.

“யாருக்கு எழுதுறீங்க? திரும்பவும் தெருவிளக்கா?”

கையெழுத்துப் போட்டார். அடியில் நகல் என்று எழுதிக் கோடிட்டார்.

ஒன்று. ம. இளவேனில், பெங்களூரு.

இரண்டு என்று போட்டவர் நிறுத்திவிட்டார். இன்ஷியல் இல்லாமல் அவர் யார் பெயரையும் எழுதியதில்லை. அது மரியாதை இல்லை.

“ஷெரினுக்கு இன்ஷியல் என்ன?”

பதினான்கு மாதத்தில் அந்தப் பெயரை அவர் சொன்னது அன்றுதான்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். காப்பி கொஞ்சம் சிந்தியது.

“ஜே,” என்றாள், யோசிக்காமல். “ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸ்தான். ஒரு கவர் போதும்.”