கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகள், பிறந்த குழந்தையை வீடியோவில் காட்டப் போகிறாள். பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டரோ கண் விழிக்கும்போதே அணைந்து அணைந்து போனது.

வரவழைத்த மெக்கானிக், கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப் போய் ஃபேனில் தூசி ஊதினார். அடுத்த தெருக்காரர்கள் குடை பிடித்தார்கள். பவர் சப்ளையையும் மாற்றிவிட்டார்.

"கடையில நல்லா ஓடுது சார். இங்க வந்தாத்தான் மண்டையைப் போடுது!"

"தள்ளுப்பா! என் பேரனுக்கு நான்தான் பட்டனை அமுக்குவேன்!"

விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, பொசுக்கென்று எல்லாம் அணைந்தது.

மெக்கானிக் பெரியவரின் விரலைப் பார்த்தார். "சார், கையை எடுங்க! அமுக்கிக்கிட்டே இருந்தா அணைஞ்சுதான் போகும்!"

"எடுத்தா நடுவுல நின்னுடாதா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பது வருஷம் சரக்கு லிஃப்ட் ஓட்டின விரல் தம்பி. பட்டனை விட்டா லிஃப்ட் நின்னுடும்னு, மாடி வர்ற வரைக்கும் விடாது."

பெரியவர் மறுபடி ஒரு அமுக்கு அமுக்கி, உடனே விரலை எடுத்தார். திரையில் பேரன் கொட்டாவி விட்டான்.

"வந்துட்டான்டீ!" என்று பெரியவர் துள்ளிக் குதித்தார்.

இதுவும் சத்தியம்: அவர் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்துக்கு மாடியே கிடையாது.