அப்பா போடாத பந்து

தேவசகாயம் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவர் பந்து வீசும் விதத்தை அப்படியே இயந்திரத்துக்குள் ஏற்றிக்கொண்டார்கள். இன்று இறுதி ஆட்டத்தில் எதிரணிக்காக அந்த இயந்திரம் வீச, அவர் மகன் ஜெனிஷ் எழுபது ரன் விளாசியிருந்தான். கடைசிப் பந்தில் நான்கு அடித்தால் கோப்பை; அடுத்த வருஷமும் அணியில் அவனுக்கு இடம் உண்டு.

வேகமாக வருவதுபோல் கிளம்பிய பந்து காற்றில் தயங்கியது. ஜெனிஷ் அவசரப்பட்டுச் சுற்றினான். ஸ்டம்ப் சாய்ந்தது. வீட்டில் அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியில், விக்கெட் எடுத்தவர் தேவசகாயம் என்று போட்டார்கள்.

"இது ஒங்க பந்துல்லா," என்றாள் மனைவி.

ஆட்டம் முடிந்ததும் ஜெனிஷ் போனில் கூப்பிட்டான். "எப்பா, சின்னதுலேருந்து வீட்டு முற்றத்துல எனக்குப் பந்து போட்டியளே. இத ஒரு தடவகூட போடலியே, ஏன்?"



"அவுட்டானா நீ அழுவ, மக்கா."