ஷாமினிக்காக ஒரு காவடி

“வீட்டுல சொன்னா நல்லாத்தான் சார் கேக்குறா. இங்க வந்தாதான் என்னமோ ஆயிடுது” என்றாள் தனலெட்சுமி.

வகுப்பாசிரியர் ரவிச்சந்திரனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவள் மகள் ஷாமினியைக் காது கேளாதோர் பள்ளிக்கு மாற்றச் சம்மதம் கேட்டு, அவர்தான் அவளை வரச் சொல்லியிருந்தார். போர்டிக்சனில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு. அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

புதுப் பள்ளி வெளி மாநிலத்தில் இருந்தது. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை. அம்மாவை விட்டு ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை.

“அங்க இடம் எடுத்துட்டா அப்புறம் நெனச்ச நேரம் திரும்பி வர முடியாதும்மா. நல்லா யோசிச்சுக்கோங்க” என்றார் தலைமையாசிரியை குமுதினி.

“யோசிக்க என்னா இருக்கு டீச்சர்? சாரே முடியலன்னு சொன்ன பிறகு...”

ரவிச்சந்திரனுக்குச் சுருக்கென்றது. ‘என்னால் முடியும்’ என்று அடம்பிடித்து ஷாமினியைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டவரே அவர்தான்.

லிங்கி ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பள்ளி அது. வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் தேறினாலே பெரிய விஷயம். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு வந்த ஷாமினியை மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக வைத்தே படிக்க வைக்கலாம் என்று அவர் சொன்னபோது, சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஷாமினி அவர்கள் வாயை அடைத்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து சாரின் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். ‘நல்ல மெஷின் லா’ என்று எல்லோரும் மெச்சினார்கள்.

கண் பட்டதோ என்னவோ, போன வருட நடுவில் பள்ளிக்கு வந்த அதிகாரி ஒருவர், இந்தப் பிள்ளை பின்தங்கினால் சிறப்புப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். ரவிச்சந்திரன் ஆடிப்போனார். சொந்தமாகப் பிள்ளை இல்லாத மனிதர். அன்று மாலையே மம்பாவ் ஊரிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை நிறுத்தி, முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டார். ஷாமினி என் வகுப்பிலேயே இருக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். அதுவரை என் முகத்தில் கத்தி படாது.

சொன்னால் சொன்னதுதான். தாடியும் மீசையும் காடாக மண்டின. பாடம் எடுக்க வருகிறீர்களா, ஆசிரமம் நடத்த வருகிறீர்களா என்று குமுதினி டீச்சர் கேலி செய்வார். சாமி காரியம் என்பதால் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

முருகன் காதில்தான் வேண்டுதல் விழவில்லை போலும். கொஞ்ச நாளிலேயே ஷாமினி சறுக்கத் தொடங்கினாள். கணக்கு டீச்சர் அனுஷியாவின் பாடத்தில் மட்டும் தப்பித்தாள். ரவிச்சந்திரன் பாடம் என்றால் திருதிருவென்று விழித்தாள். அவர் மெஷினுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். அவள் மேசையைத் தன் மேசையோடு ஒட்டிப் போட்டார். தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தார். அவர் கத்தக் கத்த, பிள்ளை மிரண்டு பென்சிலைக் கடித்தாள். கடைசியில் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் மனதுக்குள்ளேயே மருகினார்.

“நான் தோத்துட்டேம்மா. அங்கன்னா இதுக்குன்னே படிச்ச டீச்சருங்க இருக்காங்க” என்றார் இப்போது.

தனலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

வேண்டுதல் பலிக்காவிட்டாலும் நேர்த்திக்கடனை அவர் விடவில்லை. போகிற இடத்திலாவது பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று தைப்பூசத்தன்று கொளுத்தும் வெயிலில் காவடி எடுத்தார். அரோகரா போட்டுப் போட்டுத் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்தவரைப் பார்த்து, யாரோ புது சார் என்று பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். முகம் மழமழவென்று இருந்தது. வாசலில் ஷாமினியை ஏற்றிப்போக வேன் வந்து நின்றிருந்தது. தனலெட்சுமி ஒரு கையில் துணிப்பையும் ஒரு கையில் மகளுமாக விடைபெற வந்தாள்.

ரவிச்சந்திரன் ஷாமினியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது.

“என்ன சொல்றீங்க சார்? ஒன்னும் கேக்கலயே” என்றாள் தனலெட்சுமி.

“அழாம படிக்கணுமாம் அம்மா. லீவுக்கு வந்தா சாரை வந்து பாக்கணுமாம்” என்றாள் ஷாமினி.

அவர் சொன்னது அதேதான், ஒரு சொல் பிசகாமல். ஷாமினி பழையபடி அவர் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு மீசை இருந்த இடத்தை விரலால் தொட்டுக் கேட்டாள்:

“ஏன் சார் இத்தன நாளா வாய மறைச்சு வெச்சிருந்தீங்க?”