ஒச்சாயி கேட்ட மன்னிப்பு

விடிந்ததும் விடியாததுமாக ஒச்சாயி என் வாசலில் வந்து நின்றாள்.

மூன்று வருடமாக என் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவள். சுவரை ஒட்டிய வீடுதான். ஆனால் அவள் அடுப்புக்கு நெருப்புக் கேட்டதில்லை, நான் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை.

நான் வாசல் தெளிக்கச் சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

“மதினி, உனக்கு விரோதமா ஒரு தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போயிர்றேன்.”

அடி ஆத்தே! சட்டி கையிலிருந்து நழுவிவிட்டது.

ஒச்சாயி கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மதுரையிலிருந்து பாதிரியார் ஐயா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சமயநல்லூர்வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலும் வந்து, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கூரைக் கோயிலில் ராப்போஜனம் கொடுப்பார். ஒரு விள்ளல் ரொட்டி, ஒரு மிடறு திராட்சை ரசம். ஒச்சாயிக்கு இன்றுதான் முதல் தடவை. யாரோடாவது பகை இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டுதான் வாங்க வேண்டுமாம். இரண்டாவது மணி அடிப்பதற்குள் என் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர வேண்டும்.

பகை என்றால் சாதாரணப் பகையா? காங்கிரஸ்காரர்கள் உப்புக் காய்ச்சிச் சிறைக்குப் போன வருடம், என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைச் செம்பு காணாமல் போனது. ஒச்சாயிதான் எடுத்தாள் என்று நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். அவளும் விட்டாளா? தலையை விரித்துப் போட்டுக்கொண்டு என் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். எனக்குக் கொஞ்சமும் குறையாத வாய் அவளுக்கு.

அந்த ஒச்சாயிதான் இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

விடுவேனா?

“எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? தெருவுல நின்னு சொல்லுடி!”

தெருவில் இறங்கி நின்றாள். “மலையம்மா மதினிக்கு நான் தப்புப் பண்ணிட்டேன்” என்று கணீரென்று சொன்னாள். குடத்தோடு போய்க்கொண்டிருந்த தங்கப்பொண்ணு அப்படியே நின்றுவிட்டாள்.

“கேட்டுக்கங்க! திருடி தன் வாயாலயே ஒத்துக்கிட்டா!” என்று நான் தெரு முழுக்கக் கேட்கும்படி கூவினேன்.

ஒச்சாயி திரும்பவும் என் வாசலுக்கே வந்து நின்றாள்.

முதல் மணி அடித்தது.

“யோசிச்சுச் சொல்றேன், போ.”

“சரி மதினி. இன்னைக்கு இல்லாட்டி அடுத்த தடவை வாங்கிக்கிறேன்” என்று சிரித்துவிட்டுப் போனாள். பாவி, பாடிக்கொண்டே போனாள்.

அந்தச் சிரிப்புதான் என்னைத் தின்றது. அழுதிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கம்மங்கூழைக் கரைத்து வாயில் வைத்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? செம்பு என் வீட்டில்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், கோடையில் எங்கள் கிணற்றைத் தூர் வாரிய முத்திருளன் சேற்றோடு சேற்றாக அதை எடுத்துக் கொடுத்தான். தண்ணீர் மொள்ளும்போது நானேதான் நழுவவிட்டிருக்கிறேன். யாரிடமும் மூச்சு விடாதே என்று அவனுக்கு ஒரு மரக்கால் வரகு அளந்து போட்டேன். செம்பைத் தானியக் குலுக்கைக்குள் புதைத்துவிட்டேன். ஊர் பார்க்க வாரித் தூற்றிய மண்ணை எந்த முகத்தோடு திரும்ப அள்ளுவது? அன்றிலிருந்து வரகு எடுக்கக் கையை விட்டாலே விரலில் செம்பு தட்டும். ஒரு நாள் நிம்மதியாகச் சோறு பொங்கியதில்லை.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.

எழுந்தேன். குலுக்கைக்குள் தோள்வரை கையை விட்டுச் செம்பை உருவினேன். துடைக்கக்கூட இல்லை. வரகு உதிர உதிரத் தெருவோடு நடந்தேன். தங்கப்பொண்ணு இன்னும் அங்கேயேதான் நின்றாள். பார்க்கட்டும்.

அந்தக் கோயிலுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வாங்கப் பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி மட்டும் கடைசிப் பாயில், அவர்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

அவள் மடியில் செம்பை வைத்தேன். எழுந்து நின்று என் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாலும் நியாயம்தான் என்று காத்திருந்தேன்.

அவள் செம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் காதோடு சொன்னாள்.

“இது எனக்குத் தெரியும் மதினி. முத்திருளன் எடுத்துக் குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டான்.”

ஐயோ, என் ஒரு மரக்கால் வரகு!

“அப்ப எதுக்குடி தெருவுல நின்னு மன்னிப்புக் கேட்ட?”

“செம்புக்கா கேட்டேன்? அவன் சொன்ன நாள்லயிருந்து உன்னய நித்தமும் மனசுக்குள்ள கிணத்துல தள்ளிக் கொன்னுக்கிட்டு இருந்தேன் மதினி. ஜெபத்துல முட்டி முட்டி இப்பத்தான் அது என்னைய விட்டுச்சு. அம்புட்டுக் கொலைக்கும் சேத்துத்தான் கேட்டேன்.”

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும்தான். கோயிலில் இப்படிச் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பாட்டே நின்றுவிட்டது.

“மன்னிச்சேன், போடி” என்று அவள் முதுகைப் பிடித்துத் தள்ளினேன்.

பாதிரியார் ஐயா இன்னொரு விள்ளல் பிட்டார்.