மூடும்போது வரும் வார்த்தை

“அண்ணன் எழுதினதுல ஒரு வரிகூட நான் மாத்த மாட்டேன் அண்ணி...”

“மாத்தச் சொல்லலைம்மா, எடுக்கத்தான் சொல்றேன். ‘போறேன்’னு சொல்லிட்டுப் போய்ச் சேர்ந்த மனுஷன். அதையே தினம் இந்தப் பெட்டியும் சொல்லணுமா?”

தையற்காரர்களுக்குத் துணி வெட்டும் அளவைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் அது. மூடினால் திரையில் ‘போறேன்’ என்று எழுத்து வரும். எழுதியவரின் குறும்பு. “போயிட்டு வரேன்னு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?” என்று தையல்கடை நடத்தும் மனைவி அவரோடு மல்லுக்கு நின்றதுண்டு. அவர் போனபின் பழைய இயங்குதளமும் காலாவதியானது. தங்கைதான் மென்பொருளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அண்ணிதான் ஜெயித்தாள். தங்கை அந்த வரியை அழித்தாள். அண்ணியின் கணினியில் சோதித்தார்கள். பேசாமல் திறந்தது, பேசாமல் மூடியது. மற்ற தையல்கடைகளுக்கும் அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் காலை ஒரு தையற்காரர் அழைத்தார். “மூடும்போது ஒண்ணும் வரலை. ஆனா திறந்தவுடனே ‘வந்துட்டேன்’னு வருதும்மா. இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

மற்ற கடைக்காரர்களும் வரிசையாக அதையே சொன்னார்கள். தங்கை நிரல் முழுவதும் தேடினாள். அப்படி ஒரு சொல் எங்குமே இல்லை.

அண்ணி தன் கணினியில் திறந்து பார்த்தாள். அளவு கேட்கும் கட்டங்கள் மட்டும் வந்தன. மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். ரவிக்கை தைக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

“அத்தனை பேர் கடைக்கும் வந்தாச்சு. இங்க வர்றதுக்கு மட்டும் என்ன கோவம் உங்களுக்கு?” என்றாள், திரையைப் பார்த்து.